கடிகாரத்துக்குப் பக்கத்து மூலை

அந்தப் படத்தை வரைய எனக்கு ஒரு வாரம் ஆனது. அகலத்தில் பதினாறு புள்ளி, உயரத்தில் பதினாறு புள்ளி. கம்ப்யூட்டர் கொடுத்த இடம் அவ்வளவுதான். அதற்குள் ஒரு கடித உறை தெரிய வேண்டும். உறையின் வாய் மடிந்திருப்பதும் தெரிய வேண்டும். சும்மா இருக்கும்போது பச்சை, செய்தி வந்தால் சிவப்பு. ஒரு புள்ளி தள்ளி வைத்தால் உறை தலையணையாகிவிடும். ஒரு புள்ளி கூடினால் செங்கல். வைத்து வைத்து அழித்து, கடைசியில் அது உறையாகவே நின்ற அன்று, டீ குடிக்கக் கீழே இறங்கியவன் படியிலேயே நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்த இடம் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. அதற்கு முன் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வெளிநாடு போகிறவர்கள் பெருகி, ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தபோது, எங்கள் முதலாளி டைப்ரைட்டர்களை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, சாஃப்ட்வேர் எழுதித் தரப்படும் என்று போர்டு மாட்டினார். அரிசி ஆலை, மருந்துக்கடை, டிராவல்ஸ் என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்போம். நான் பூதலூர் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். சரியாகச் சொன்னால், பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆளே நான்தான்.

ஒருநாள் உரம் வாங்கத் தஞ்சாவூர் வந்த அப்பா மாடியேறி வந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கடா, நீ செஞ்சதக் காட்டு."

திரையின் அடியில் வலது கோடியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது மணியில்ல?"

"மணிக்குப் பக்கத்துலப்பா. பச்சையா."

குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். "இந்தக் கடுகா?"

"சேதி வந்தா செவப்பாயிடும்."

"ஏன், வந்தா கூப்புடாதா?"

"கூப்புடாதுப்பா. நாமதான் பாத்துக்கணும்."

"இதுக்கு ஒரு காலேஜு" என்றார். பக்கத்து நாற்காலிக்காரன் சத்தமாகச் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். இறங்கிப் போகும்போது மட்டும் திரும்பி, "ஆனா உறை மாதிரியேதான் இருக்கு" என்றார்.

அந்த மூலைக்கு எங்கள் தொழிலில் சிஸ்டம் ட்ரே என்று பெயர். கம்ப்யூட்டரைப் போட்டதும் சில புரோகிராம்கள் யாரும் கேட்காமலே அங்கே வந்து நின்றுகொள்ளும். வைரஸ் பிடிக்கிறது, பிரிண்டருடையது, ஒலிபெருக்கியுடையது என்று மினிபஸ் படிக்கட்டு மாதிரி ஒரு கூட்டம். பெருக்கல் குறியைத் தட்டி மூடினாலும் மூடாது. மூலைக்குப் போய்ச் சின்னப் படமாக ஒண்டிக்கொள்ளும். அப்போது யார் புரோகிராம் எழுதினாலும் அப்படித்தான் எழுதினார்கள். மூலையில் ஓர் இடம் பிடித்துவிட்டால் பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

என் உறை குடியேறிய முதல் இடம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவது, டிக்கெட் போடுவது. நடத்தியவர் கூத்தாநல்லூர்க்காரர். வேலை செய்கிறவர்கள், வருகிறவர்கள், எதிர்ச் சாரி பழக்கடைக்காரர் எல்லாருக்கும் அவர் பாய்தான். அவருடைய மகன் துபாயில் அந்தப் பக்கத்து ஆபீஸைப் பார்த்துக்கொண்டார். முன்பெல்லாம் இருவருக்கும் நடுவில் ஃபேக்ஸ். அது பாதி நேரம் காகிதம் சிக்கி நிற்கும். அதற்குப் பதிலாகத்தான் எங்கள் புரோகிராம். மகன் அங்கே தட்டினால் இங்கே உறை சிவக்கும்.

இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களைப் போலவே வயல் வேலைக் குடும்பம். கணவர் மலேசியாவில். அவர்கள் தெருவில் புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டு ஆபீசுக்குப் போன முதல் பெண் அவர்தான். மாமனாருக்கு அதில் இஷ்டமில்லை. பாய் ஆபீஸ், பெரிய மனுஷர், பகல் வேலை என்று ஆயிரம் சமாதானம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். புரோகிராமைப் போட்டுக் கொடுக்கப் போனபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"நல்லாச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. இந்த வேலை போச்சுன்னா எங்க மாமனாரு வாசக்கதவத் தாப்பா போட்டுட்டு, சாவிய வெண்ணாத்துல போட்டுருவாரு."

"ஒண்ணுமில்லக்கா. பச்சையா இருந்தா உங்க வேலையப் பாருங்க. செவப்பானா தொறந்து படிங்க."

அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி அவர் அதைக் கவனித்தார். பாஸ்போர்ட் விவரம் தட்டிக்கொண்டிருக்கும்போதே கண் ஒருதரம் மூலைக்குப் போய்வரும். ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தாலும் போய்வரும். நான் வரைந்த பதினாறு புள்ளிப் படத்தை ஒருவர் இவ்வளவு பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முன்னால் பாய் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய டப்பா மானிட்டர் போய், தட்டையான மானிட்டர் வந்தது. புரோகிராமை அவர்களே மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, பச்சையக் காணோம்."

"மணிக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்குங்களா?"

"இருக்கு."

"அதுக்குள்ள போயிருக்கும்க்கா. புது மெஷினு, சும்மா நிக்கறதையெல்லாம் உள்ள தள்ளி விட்டுரும். சேதி வந்தா தானா வெளிய வந்துரும்."

"கண்டிப்பா வரும்ல?"

"வரும்க்கா."

வந்தது. அதுதான் விஷயம்.

பூஜை விடுமுறை முடிந்து நான் ஆபீசுக்குள் நுழையும்போதே முதலாளி வாசலில் நின்றார். "மன்னார்குடி பாய் போன் பண்ணாரு. சேதி வந்தத உங்க சாஃப்ட்வேரு காட்டலேங்கறாரு. ஒரு ஆளு பிளைட்ட விட்டுட்டானாம், ஆபீஸ்ல வந்து உக்காந்துருக்கானாம். போய்ப் பாரு. என்ன வேணா சொல்லு, சாஃப்ட்வேரு தப்புன்னு மட்டும் வாயத் தொறந்துடாத."

வடுவூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரமெல்லாம் நாற்று முடிச்சு வீசிக் கிடந்தது. எனக்கு எதுவும் பார்க்கத் தோன்றவில்லை. எந்த வரியில் பிழை இருக்கும் என்று மனசுக்குள் புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே போனேன்.

டிராவல்ஸ் ஆபீஸ் வாசலில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. உள்ளே, சுவரில் அரபி எழுத்துச் சட்டத்துக்குக் கீழே பாய் உட்கார்ந்திருந்தார். எதிரே பெஞ்சில் ஜேசிபி ஓட்டுகிறவர் ஒருவர், நீடாமங்கலம் பக்கத்து ஊர்க்காரர். காலுக்கிடையில் கயிறு கட்டிய பெட்டி. மடியில் மஞ்சள் பையில் ஊறுகாய், வத்தல். முதலில் சொன்ன தேதிக்கு ஊரிலிருந்து புறப்பட்டு வந்தவர் திரும்பிப் போக மறுத்து உட்கார்ந்திருந்தார். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல், பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றார். கண் சிவந்திருந்தது.

"வாங்க தம்பி" என்றார் பாய். "டீ சாப்புடுறீங்களா?"

"அப்புறம் சாப்புடுறேன் பாய்."

"அப்ப கேளுங்க. இவரு போற நாள முன்னாடி தள்ளிட்டாங்க. சனிக்கெழமைக்குள்ள சரின்னு சொல்லணும்னு மகன் சேதி அனுப்பியிருக்கான். அவன் பக்கம் 'சேர்ந்தது'ன்னு காட்டியிருக்கு. அதனால போனும் பண்ணல. இங்க யாரும் பாக்கல. சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. மகன் என்ன சொல்றான்னா, பொண்ண மாத்துங்க அத்தா, நான் வேற ஆளு போடுறேங்கறான். பொண்ணு என்ன சொல்லுதுன்னா, செவப்பே வரலேங்குது." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மெஷினு தப்பா, பொண்ணு தப்பா? பாத்து நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்றதுதான்."

"ரெண்டும் சரியா இருந்தா என் தப்புன்னு எழுதிக்கங்க" என்றார் பெஞ்சிலிருந்தவர். "பிளைட்டு வரும்போது நான் வயல்ல படுத்துத் தூங்கிட்டேன்னு."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். புது மானிட்டருக்கு நாலு மூலையிலும் சந்தனம் தீற்றி, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் வைத்திருந்தது. எல்லா ஆபீசிலும் இருப்பதுதான். எங்கள் ஆபீசிலும் அன்று காலை அப்படித்தான் இருந்தது. நான் முதலில் புரோகிராமைத் திறந்தேன். செய்தி உள்ளே படிக்காமல் கிடந்தது. பூஜைக்கு மறுநாள் ஆபீஸ் திறந்திருந்தபோதே, வெள்ளிக்கிழமை பகலிலேயே வந்திருந்தது.

"வந்துருக்கு பாய்."

"வந்துருக்குல்ல?" பெஞ்சிலிருந்தவர் எழுந்தார். "அப்பறம் ஏன் பாக்கல? உள்ளாற இருந்துச்சுன்னா அது என்ன கருவறையா, ஐயரு வந்துதான் தெறக்கணுமா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

"சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் மூலையப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். செவப்பு வரல. தானா வரும்னு நீங்க சொன்னீங்கள்ல?"

அம்புக்குறியை அழுத்தினேன். உள்ளே தள்ளிவிட்ட படங்களெல்லாம் வெளியே வந்தன. வைரஸ் பிடிக்கிறது இருந்தது, பிரிண்டர் இருந்தது. என் உறை இல்லை. வெளியே வரிசையிலும் இல்லை. புரோகிராம் ஓடுகிறது, செய்தி வந்திருக்கிறது, ஆனால் படம் எங்குமே இல்லை என்றால் பிழை என்னுடையதுதான். மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதே.

என்ன செய்வதென்று தெரியாமல் மவுஸைச் சும்மா நகர்த்தினேன். அம்பு திரையின் அடியில் ஓடி, வலது மூலைக்குப் போய், குங்குமத்துக்குக் கீழே நுழைந்து காணாமல் போனது. அந்த இடத்தில், சந்தனத்துக்கு மேலே, ஒரு சின்ன மஞ்சள் பெட்டி எழும்பியது. நான் எழுதிய வார்த்தைதான்: படிக்காத செய்தி உள்ளது.

நான் நிமிர்ந்து மானிட்டரின் ஓரத்தைப் பார்த்தேன்.

பழைய மானிட்டருக்குச் சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் சட்டம் இருந்தது. வருஷா வருஷம் பொட்டு அதில்தான் விழும். புது மானிட்டருக்குச் சட்டம் என்று சொல்ல ஒரு கோடுதான். கை அதே பழக்கத்தில் மூலைக்குப் போயிருக்கிறது. பொட்டு கண்ணாடியில் விழுந்துவிட்டது. பாதி மணியையும் அது மறைத்திருந்தது. ஆனால் மணி பார்க்கச் சுவரில் கடிகாரம் இருந்தது.

"சாமியே மறைச்சிருச்சா!" என்றார் பெஞ்சுக்காரர்.

பாய் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஏம்மா, இத அன்னைக்கே தொடைக்கறதுதானே?"

"பூசைக்கு வச்ச பொட்ட எப்புடிப் பாய் தொடைக்கறது? அதுவா உதுந்தாத்தான். போன வருஷத்துது புதுசு வைக்கற வரைக்கும் இருந்துச்சே." அக்கா பாய் பக்கம் திரும்பினார். "அதுவும் நீங்கதானே, புது மெஷினு, அதுக்கும் நல்லா வையிம்மான்னீங்க."

"நான் சொன்னேன்தான்." பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பூஜை அன்று பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் வாங்கிப் போடுவது அவர்தான். அவருடைய அத்தா காலத்திலிருந்து அந்த ஆபீசில் அப்படித்தானாம். "எனக்குந்தான் ரெண்டு நாளா அந்த மூலை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குதேன்னு. ஆனா உங்க சாமி சமாச்சாரம். நான் கைய வச்சா நல்லாவா இருக்கும்?"

"நீங்க தொடைச்சா நான் என்ன பாய் சொல்லிடப் போறேன்?"

"நீ தொடைச்சா மட்டும் நான் என்ன சொல்லிடப் போறேன்?"

"நல்லா இருக்கு" என்றார் பெஞ்சுக்காரர். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை பாத்தீங்க. என் பிளைட்டு பறந்துருச்சு."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். அதற்குள் மேஜை மேலிருந்த போன் அடித்தது. துபாயிலிருந்து மகன். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தா, என்னாச்சு? அந்தப் பொண்ண அனுப்பிச்சிட்டீங்களா?"

அக்கா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். பாய் பதில் சொல்லாமல் என் பக்கம் கையைக் காட்டினார். முதலாளி சொன்னது என் காதில் ஒலித்தது. மெஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, பொட்டு மறைத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தினாலும் பொய்யில்லை. ஆனால் பொட்டை வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு அக்காவின் கதை முடிந்துவிடும்.

"அண்ணே, நான் தஞ்சாவூர்லேர்ந்து வந்த சாஃப்ட்வேர்க்காரன் பேசுறேன்" என்றேன். "அக்கா மூலையப் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. பூஜைப் பொட்டு கண்ணாடியில விழுந்து, படத்த மறைச்சிருச்சு. அது இல்லேன்னாலும் என்னைக்காவது ஒருநா இது நடந்திருக்கும்ண்ணே. ஒரு ஆளோட பயணம் மாறுது. அந்தச் சேதிய இத்துனூண்டு படத்துல ஏத்தி, மூலையில நிக்க வச்சு, நீங்களா பாத்துக்கங்கன்னு விட்டா பத்தாது. எங்க புரோகிராமத்தான் மாத்தணும். மாத்தித் தரோம்."

மகன் என்னையே திருப்பிக் கேட்டார். "சத்தம் வராதா உங்க சாஃப்ட்வேர்ல?"

"வரும்ண்ணே. இங்க கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கல."

"அத்தா, ஸ்பீக்கர் ஏன் வாங்கல?"

"எனக்கெதுக்குடா ஸ்பீக்கரு? உன் சத்தமே இங்கேர்ந்து குளத்தங்கரை வரைக்கும் கேக்குது."

"அவரு மாத்தித் தர்ற வரைக்கும் என்ன பண்றது?"

"அதுவரைக்கும் நீ போன் பண்ணு" என்றார் பாய். "பெத்தவன்ட்ட பேசுன மாதிரியும் இருக்கும். பொண்ணு இங்கதான் இருக்கும். இவருக்கு அடுத்துப் போற ஆளுங்க கூட்டத்துல ஒரு சீட்டு பாரு. இன்னைக்கே பாத்துச் சொல்லு. பாவம், ஊறுகாயோட உக்காந்துருக்காரு."

போனை வைத்ததும் அக்கா சுவரை விட்டு நகர்ந்து வந்தார். மானிட்டர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஆள்காட்டி விரலால் அந்தக் குங்குமத்தைத் தொட்டு, தன் நெற்றியில் ஏற்கெனவே இருந்த பொட்டின் மேலேயே வைத்துக்கொண்டார். காய்ந்த சந்தனத்தை முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் துடைத்தார். அடியிலிருந்து என் உறை வெளியே வந்தது. நல்ல சிவப்பாக, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரே நிலையில் நின்றிருந்தது.

"பாவம், நின்னுக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்ன அந்த வார்த்தையே மனசில் ஓடியது. எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது அப்பா கூலிக்குப் போன பண்ணை வீட்டுக்கு அவரோடு போயிருக்கிறேன். அப்பா கொல்லைப் பக்கமாகப் போய் வைக்கோல் போருக்கு ஓரமாக நிற்பார். கூப்பிட மாட்டார். இருமக்கூட மாட்டார். யாராவது பார்த்து என்னடா என்று கேட்டால்தான் வந்த விஷயத்தைச் சொல்வார். கேட்கவில்லையென்றால் நின்றுவிட்டு வந்துவிடுவார். ஒருமுறை அம்மாவுக்குக் காய்ச்சல், வண்டி கேட்கப் போனார். அன்றும் அப்படித்தான் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் புரோகிராமுக்கு யாரிடம் பயம்? படித்து, தஞ்சாவூர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுதிய முதல் காரியமும் கூப்பிடாமல் ஓரமாகத்தான் நின்றது. "வந்தா கூப்புடாதா?" என்று அப்பா கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலாளி படியிலேயே பிடித்துக்கொண்டார். "சாஃப்ட்வேரு தப்புன்னு சொல்லிட்டியா?"

"தப்புன்னு சொல்லல சார். மாத்தணும்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"புதுசாக்குறோம் சார். இனிமே வர்ற மெஷின்லயெல்லாம் மூலையில நிக்கறத உள்ள தள்ளித்தான் விடுவாங்க. எல்லாரும் மாத்தித்தான் ஆகணும். நாம மொதல்ல மாத்துறோம்."

அவர் முகம் தெளிந்தது. "புது வெர்ஷனா? அப்படிச் சொல்லு."

முதலில் நான் எழுதியது ஆவேசத்தில் எழுதியது. எந்தச் செய்தி வந்தாலும் திரையின் நடுவில் பெரிதாக வந்து நிற்கும். 'பார்த்தேன்' என்று தட்டினால்தான் நகரும். போட்டுக் கொடுத்த இரண்டாம் நாளே அக்கா போன்.

"தம்பி, உங்க கடுதாசி எங்க மாமனாரவிட மோசம். எது வந்தாலும் நடுவூட்டுல வந்து நிக்குது. பாய் மகன் அத்தா சாப்ட்டீங்களான்னு அனுப்புறாரு. அதுக்கும் நான் 'பார்த்தேன்' சொல்லணுமா? பாஸ்போர்ட் நம்பரு தட்டிக்கிட்டே இருக்கேன், பாதியில வந்து மறைக்குது."

அவர் சொன்னது நியாயம்தான். கூப்பிடத் தெரிந்த பிறகு எப்போது கூப்பிடக் கூடாது என்பதும் தெரிய வேண்டியிருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். அனுப்புகிறவர் அவசரம் என்று குறித்தால் மட்டும் நடுவில் வரும். மற்றதெல்லாம் சொல்லாமல் மூலையில் சேர்ந்துகொள்ளும், ஓய்ந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூடு என்றால் நிஜமாகவே மூடும்; மூலையில் நின்றுகொள்ளட்டுமா என்று முதல் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்கும். துபாய்ப் பக்கத்தில் 'சேர்ந்தது' என்று காட்டியதை எடுத்துவிட்டேன். இங்கே யாராவது தட்டும் வரை அங்கே 'இன்னும் பார்க்கவில்லை' என்று நிற்கும். அவசரம் என்று குறித்து, ரொம்ப நேரம் அப்படியே நின்றால், போன் செய்யவும் என்று அனுப்பியவருக்கே சொல்லும். இப்போது பார்த்தால் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அன்று அரிசி ஆலைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் எங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று கேட்டார்கள்.

உறைப் படத்தை மட்டும் நான் மாற்றவில்லை. பச்சையாகவே மூலையில் இருந்தது. சிவப்பை எடுத்துவிட்டேன்.

ஜேசிபிக்காரர் அடுத்த கூட்டத்தோடு கிளம்பிப் போனார். போகிற வழியில் ஆபீசில் இறங்கி, ஊறுகாய் பாட்டில் ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, "மறக்காம மூலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்காதான் சொன்னார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எங்கள் ஆபீசில் நாங்கள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தோம். போன் வந்தது.

"தம்பி, நாந்தான். மெஷினெல்லாம் தொடைச்சாச்சு, சந்தனம் கொழைச்சாச்சு. கைய வைக்கப் பயமா இருக்கு. இந்த வருஷம் பொட்டு எங்க வைக்கறது?"

பின்னாலிருந்து பாய் குரல் கேட்டது. "பின்பக்கமா வையேம்மா. அங்க என்ன இருக்கப் போவுது?"

"பின்னாடி பொட்டு வச்சா அது என்ன பாய் பூசை, திருடன் வச்ச மாதிரி. நீங்க சொல்லுங்க தம்பி. எப்பவும் வைக்கிற எடத்துல வச்சா கோளாறாயிடுமா?"

எனக்கு அந்த மூலை கண்ணுக்கு முன்னால் வந்தது. கடிகாரம், அம்புக்குறி, பச்சையாக ஓர் உறை.

"எப்பவும் வைக்கிற எடத்துலயே வைங்கக்கா" என்றேன். "அந்த மூலையில இப்ப அவசரமா எதுவும் இல்ல."